காரைப் படம் எடுக்கக் கூடாரம் எதற்கு?

ஒரு காரைப் படம் எடுப்பதில் அப்படி என்ன வித்தை இருக்கிறது என்று கேட்காதவர்கள் இல்லை. கைத்தொலைபேசியை நீட்டினால் படம் விழுந்துவிடுகிறது. ஆனால், உலு திராமில் கோத்தா திங்கி சாலையோரம் பழைய கார் விற்கிற ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கறுப்பு மைவி ஒன்றை நண்பகலில் கடை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தால் என்ன கிடைக்கும் என்று அவர் சொல்வார். முன்மூடியில் வானமும் மேகமும் தெரியும். கதவில் எதிர்க்கடைப் பெயர்ப்பலகை இடவலம் மாறித் தெரியும். பின்கதவில் செம்பனைக் குலை ஏற்றிப் போகும் லோரி. எல்லாவற்றுக்கும் நடுவே, காலை அகட்டி நின்று படம் எடுக்கிறவரின் உருவம். விற்க வேண்டிய கார் மட்டும் அந்தப் படத்தில் சரியாகத் தெரியாது.

காரணம் எளிது. மெருகேற்றிய காரின் மேல்பூச்சு ஏறக்குறைய ஒரு நிலைக்கண்ணாடி. அதைப் படம் எடுப்பவர் உண்மையில் காரைச் சுற்றி இருப்பதைத்தான் படம் எடுக்கிறார். ஆகவே கார் நன்றாக விழ வேண்டுமானால் சுற்றுப்புறத்தை மாற்ற வேண்டும். அலுமினியக் குழாய்களை நட்டு, மேலேயும் பக்கங்களிலும் வெள்ளைத் துணியைக் கட்டி, துணிக்கு வெளியிலிருந்து விளக்கடித்தால், காரின் உடம்பில் வெண்மை மட்டுமே பிரதிபலிக்கும். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் மடித்து வேனில் ஏற்றிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகலாம். இதுதான் இடம் மாற்றிக் கொண்டுபோகும் வாகன ஸ்டுடியோ.

நேற்று முளைத்த ஏற்பாடு போலத் தோன்றும் இதற்கு ஏறக்குறைய 170 ஆண்டுப் பூர்வீகம் உண்டு. அந்தக் கதை தொடங்குவது ஒரு போர்க்களத்தில்.

1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர், கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையைப் பூசிப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். படம் துல்லியமாக விழுந்தது. ஆனால் தகட்டில் ஈரம் காய்வதற்குள், சில நிமிடங்களில், பூசுவது, படம் எடுப்பது, மருந்தில் கழுவுவது எல்லாம் முடிந்துவிட வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறவர் இருட்டறையையும் கூடவே தூக்கிப் போக வேண்டிய கட்டாயம் அப்படித்தான் வந்தது. 1855இல் கிரைமியப் போரைப் படம் பிடிக்கப் போன ரோஜர் பெண்டன், ஒரு மதுபான வியாபாரியிடம் பழைய வண்டியை வாங்கி அதையே இருட்டறையாக மாற்றிக்கொண்டார். 5 கேமராக்கள், 700 கண்ணாடித் தகடுகள், 36 பெட்டிச் சாமான்கள். வெயில் ஏறினால் அந்த வண்டிக்குள் நிற்கவே முடியாது.

வேடிக்கை என்னவென்றால், அந்த வண்டியே ஒரு படமாகிவிட்டது. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், பீரங்கிக் குண்டுகள் விழும் பள்ளத்தாக்கு ஒன்றுக்குப் புறப்படும் முன், உதவியாளர் மார்க்கஸ் ஸ்பார்லிங் ஒரு யோசனை சொன்னார். வண்டியும் தாமும் திரும்பி வருவது நிச்சயமில்லை, ஆகவே ஒரு படம் எடுத்து வைத்துவிடலாம் என்றார். வண்டியின் முன்னிருக்கையில் அவர் உட்கார்ந்திருக்கும் அந்தப் படம் இன்றும் இருக்கிறது. வண்டியும் அவரும் பத்திரமாகத் திரும்பினார்கள்.

இந்தக் கூடாரத் தொழில் நம் பக்கம் வர அதிக நாளாகவில்லை. ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் 1862இல் சிங்கப்பூருக்கு வந்து ஸ்டுடியோ வைத்தார். பிறகு பினாங்கிலும் செபராங் பிறையிலும் பத்து மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். உதவிக்கு ஆள் தேடியபோது சீனர்கள் இது பேய்வேலை என்று ஒதுங்கிக்கொண்டார்களாம். கடைசியில் சென்னைக்காரர்கள் இருவரை வைத்துக்கொண்டு, படம் அச்சிடவும் உதவியாளர்களாக வேலை செய்யவும் பழக்கியதாகத் தமது பயண நூலில் அவர் எழுதியிருக்கிறார். மலாயாவில் நம்மவர் தொழில் என்றால் ரப்பர் மரமும் பால் வாளியும்தான் பலருக்கும் நினைவு வரும். ரப்பர் தோட்டங்கள் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, படத்தொழிலைக் கற்றுக்கொண்ட இருவர் இங்கே இருந்திருக்கிறார்கள். நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டிய செய்தி இது.

1867இல் ஜி. ஆர். லாம்பர்ட் சிங்கப்பூரில் தொடங்கிய ஸ்டுடியோ பெரிய பேர் வாங்கியது. 1880இல் ரிக்‌ஷா வந்த பிறகு ரிக்‌ஷா, மாட்டுவண்டி எல்லாம் படங்களாகவும் பிறகு தபால் அட்டைகளாகவும் போயின. மரவண்டியில் எதுவும் பிரதிபலிப்பதில்லை. மாடு தலையை ஆட்டாமல் இருந்தால் போதும்.

பிரதிபலிப்பு என்ற தொல்லையை முதலில் முழுமையாகச் சந்தித்தவர்கள் ரயில் எஞ்சின் செய்தவர்கள். மான்செஸ்டரில் 1854இல் தொடங்கிய பையர் பீகாக் தொழிற்சாலை, தான் செய்த எஞ்சின்களைப் படம் எடுக்க ஜேம்ஸ் மட் என்ற உள்ளூர்க்காரரை அமர்த்திக்கொண்டது. புது எஞ்சின் பளபளக்கும். பித்தளையில் வெளிச்சம் பட்டுத் தெறிக்கும். போதாக்குறைக்கு அந்தக் காலத் தகடுகளுக்கு நிறக் குருடு. நீலத்தை வெள்ளையாகவும் சிவப்பைக் கறுப்பாகவும் காட்டும். எஞ்சினுக்குத் தூக்கிப் போகிற மாதிரி கூடாரம் அப்போது ஏது? அவர்கள் வேறு வழி கண்டார்கள். எஞ்சினுக்கே பளபளப்பில்லாத சாம்பல் வண்ணம் பூசி, கோடுகளை வெள்ளையிலும் கறுப்பிலும் இழுத்து, படம் எடுத்த பிறகு உண்மையான வண்ணத்தைப் பூசினார்கள். பின்னால் தெரியும் பட்டறைக் குப்பையைத் தகட்டிலேயே மை தடவி மறைத்தார்கள். எஞ்சின் வெள்ளை வெளியில் மிதப்பது போல் இருக்கும். இன்று கைத்தொலைபேசிச் செயலி செய்கிற வேலையை அன்று தூரிகை செய்தது.

வண்ணங்களைச் சரியாகப் பார்க்கும் தகடுகள் 1906இல் கடைக்கு வந்துவிட்டன. ஆனாலும் சாம்பல் பூச்சுப் பழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. ஜொகூர் வழியாக 1909இல் ரயில் பாதை முடிந்த காலத்திலும், கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் மலாயாவுக்கு எஞ்சின்களைச் செய்தனுப்பிய காலத்திலும் பிரிட்டிஷ் தொழிற்சாலைகளில் அது நடைமுறையில் இருந்தது. சில இடங்களில் கேமராவுக்கு எதிரே நிற்கும் ஒரு பக்கத்துக்கு மட்டும் சாம்பல் பூசி, மறுபக்கத்தை அப்படியே விட்டதும் உண்டு.

இது ஏமாற்று வேலையா என்று கேட்கலாம். இல்லை. அந்தப் படத்தைப் பார்க்கப் போகிறவர் ரயில் நிறுவனத்துப் பொறியாளர். அவருக்கு வண்ணம் தேவையில்லை. ஒவ்வொரு ஆணியும் தண்டும் குழாயும் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பளபளப்பு அதை மறைத்தது, சாம்பல் பூச்சு அதைக் காட்டியது. ஆகவே அன்றைய மறைப்பு, வாங்குகிறவருக்கு உண்மையைக் காட்டுவதற்காகச் செய்த மறைப்பு.

கார் காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழானது. வாங்குகிறவர் பொறியாளர் அல்ல, ஆசைப்படுகிற குடும்பத்தலைவர். அமெரிக்காவில் போண்டியாக் கார் விளம்பரங்களுக்கு 1959 முதல் 1971 வரை ஆர்ட் பிட்ஸ்பாட்ரிக், வேன் காப்மன் என்ற இருவர் படம் வரைந்தார்கள். அவர்கள் வரைந்த கார் உண்மையான காரைவிட அகலமாக இருக்கும். ஓவியத்தின் இடத்தைப் புகைப்படம் பிடித்தபோது, டெட்ராய்ட் நகரத்து ஸ்டுடியோக்கள் காரைவிடப் பெரிய விளக்குப் பெட்டியை மேலே தொங்கவிட்டன. தரையும் சுவரும் சேரும் மூலை தெரியாதபடி வளைத்துப் பூசிய வெள்ளைச் சுவரைக் கட்டின. மேலிருந்து விழும் அந்தப் பெரிய மெல்லொளியில் காரின் தோள்பட்டை நெடுக ஒரே வெள்ளைக் கோடு ஓடும். சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் அந்த வெண்மையில் கரைந்துபோகும். புதுக் காருக்கு அதனால் கெடுதல் இல்லை.

அவ்வளவு பெரிய ஸ்டுடியோ கட்ட வசதியில்லாத படக்காரர்கள் வானத்தையே கூடாரமாக்கிக்கொண்டார்கள். சூரியன் இறங்கிய பிறகு வானம் முழுவதும் ஒரே மெல்லொளியாகும். அந்த நேரத்தில் திறந்தவெளியில் காரை நிறுத்தினால் காசில்லாத ஸ்டுடியோ தயார். ஆனால் இந்த உபாயம் குளிர்நாட்டுக்காரர்களுக்குத்தான் வசதி. அங்கே அந்தி நெடுநேரம் நீடிக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஜொகூரில் அந்தி வெளிச்சம் 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். ஐந்து கார் எடுப்பதற்குள் இருட்டிவிடும். பிற்பகல் மழை வேறு. உலு திராம் போன்ற ஊரில் துணிக் கூடாரம் அவசியப் பொருளாவது இதனால்தான்.

அவசியம் என்று ஏன் சொல்ல வேண்டும்? 1985இல் புரோட்டோன் சாகா வந்த காலத்தில் பழைய கார் விளம்பரம் என்பது நாளிதழில் இரண்டு வரி. ரகம், ஆண்டு, விலை, தொலைபேசி எண். படம் கிடையாது. வாங்க நினைப்பவர் நேரில் வந்தார், கதவைத் திறந்து மூடினார், தெரிந்த பட்டறைக்காரரைக் கூட்டி வந்து காட்டினார். 2007இல் மூடா இணையத்தளம் வந்தது. 2015இல் கார்சம் வந்தது. இப்போது பாசிர் கூடாங்கில் இரவு வேலை முடித்து வருகிறவர் படுக்கையில் சாய்ந்தபடியே நாற்பது கார்களைத் தள்ளிப் பார்க்கிறார். பெரிய நிறுவனத்தின் கார் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கிறது. சின்னக் கடைக்காரரின் கார் சகதியில் குப்பைத் தொட்டி பக்கத்தில் நிற்கிறது. இரண்டும் ஒரே ரகம், ஒரே விலை. எதை அவர் முதலில் தொடுவார்? சின்னக் கடைக்காரருக்குத் துணிக் கூடாரம் ஆடம்பரம் அல்ல, பிழைப்பு.

அதே கூடாரம்தான் வாங்குகிறவருக்கு வில்லங்கமும் ஆகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி பட்ட பாட்டை உலு திராம்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 மார்ச்சில் மறுபடியும் ஜொகூரில் வெள்ளம். நீரில் மூழ்கிய கார் கழுவித் துடைத்து விற்பனைக்கு வருவது ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் நாட்டில் எழுகிற பிரச்சினை. தரைவிரிப்புக்கு அடியில் படிந்த வண்டல், இருக்கைத் தண்டவாளத் துரு, பட்டையை முழுதாக இழுத்தால் தெரியும் நீர்க்கறை, இவை எதுவும் வெள்ளைக் கூடாரத்துப் படத்தில் வராது. இப்போது துணிகூட வேண்டாம். சகதியில் நிற்கும் காரைப் படம் எடுத்துக் கொடுத்தால் செயலியே பின்னணியை வெட்டி எறிந்து, பளிங்குத் தரையில் நிறுத்தி, கீழே நிழலும் போட்டுத் தருகிறது. ஜேம்ஸ் மட் பின்னணியைத்தான் மறைத்தார். இந்தக் கருவிகளைக் கொண்டு கீறலையும் அழிக்க முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம், பொருளைப் பற்றி எந்த வழியில் தவறான தகவல் கொடுத்தாலும் குற்றம் என்கிறது. எழுத்தில் சொன்னாலும் சரி, படத்தில் காட்டினாலும் சரி. 50,000 ரிங்கிட் வரையுள்ள வழக்கைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டு போகலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அதற்கு முதலில் விளம்பரப் படத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருக்க வேண்டும். கார் விற்றவுடன் விளம்பரம் இணையத்திலிருந்து இறங்கிவிடும். காரை வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோய், மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, குடும்பத்தோடு நின்று எடுக்கிற படத்தை எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எந்தப் படத்தைப் பார்த்து வாங்கினோமோ அதை வைத்திருப்பவர் குறைவு.

இந்த வரலாற்றில் இன்னும் ஒரு கூடாரம் பாக்கி. கார்த் தொழிற்சாலைகளில் பூச்சு முடிந்து வெளிவரும் ஒவ்வொரு காரும் ஒரு விளக்குச் சுரங்கத்தின் வழியாகப் போகிறது. இருபுறமும் மேலேயும் நீள நீளமாகக் குழல் விளக்குகள் வரிசையாக எரியும். அதே வெளிச்சம்தான், ஆனால் துணியால் மெதுவாக்காத வெளிச்சம். காரின் உடம்பில் கோடு கோடாக அது பிரதிபலிக்கும். பூச்சைக் கெடுக்காமல் ஒடுக்கு எடுக்கிற பட்டறைக்காரர்களும் இதே உபாயத்தைத்தான் கையாளுகிறார்கள். கோடு போட்ட ஒரு விளக்குப் பலகையைக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கோட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளிருந்து தள்ளுவார்கள்.

கூடாரம் வைத்திருக்கும் ஒரு விற்பனையாளர் வெள்ளைப் படத்தோடு இப்படிக் கோடு விழுந்த படம் ஒன்றையும் சேர்த்துப் போட்டால், வாங்குகிறவருக்கு அன்றைய ரயில் பொறியாளருக்குக் கிடைத்தது கிடைக்கும். கூடுதல் செலவு ஒன்றுமில்லை. துணியை அவிழ்த்துவிட்டு இரண்டு குழல் விளக்கைப் பக்கவாட்டில் படுக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். படம் போடாதவரின் கடைக்குப் போகிறவர், கடை விளக்கு ஏற்றிய பிறகு போய், காரின் பின்மூலையில் குந்தி உட்கார்ந்து, கதவுகளின் நெடுகே பார்வையை ஓட்டலாம். கூரைக் குழல் விளக்கின் கோடு நெளியாமல் ஓடினால் கதவில் மேடு பள்ளம் இல்லை. எங்கே நெளிகிறதோ அங்கே விரலால் தட்டிப் பார்த்து, இந்த இடத்தில் எப்போது இடிபட்டது என்று கடைக்காரரைக் கேட்கலாம்.