தீக்காயமும் ஆல்புமினும்: ஒரு புரதத்தின் நூற்றாண்டு வழக்கு

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்துச் சிதறியது. ஃபேன்சி ரகப் பட்டாசுக்கு மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என்றார்கள். அன்று மாலைச் செய்தியில் வந்த உயிர்ப்பலி எண்ணிக்கை, அடுத்தடுத்த நாள்களில் ஏறிக்கொண்டே போய் 20-ஐத் தாண்டியது. சாத்தூர், வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரத்துக்கு இந்தக் கணக்குப் பழகிப்போனது: ஆலையிலேயே இறப்பவர்கள் சிலர், தீக்காய வார்டில் இறப்பவர்கள் சிலர்.

பேசிக்கொண்டே ஆம்புலன்சில் ஏறியவர் மறுநாள் ஏன் சரிந்துபோகிறார்? மருத்துவம் இதற்கு விடை தேடிய வரலாற்றில், ஆல்புமின் என்னும் புரதம் ஒருமுறை நாயகனாகவும் ஒருமுறை குற்றவாளியாகவும் நின்றிருக்கிறது.

இரத்தத்தில் அதன் வேலை

ஆல்புமினைத் தயாரிப்பது கல்லீரல், நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை. ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் இருக்கும். இரத்தக் குழாய்க்குள் நீரை இழுத்து வைத்திருக்கும் விசையில் முக்கால் பங்கு இதனுடையது. கொழுப்பு அமிலங்கள், பிலிருபின், கால்சியம், பல மருந்துகள் ஆகியவற்றைச் சுமந்து செல்வதும் இதுவே. கல்லீரல் சுருங்கினால் உற்பத்தி குறையும். சிறுநீரக வடிகட்டி பழுதானால் சிறுநீரில் ஒழுகும். முதல் நிலையில் வயிற்றில் நீர் கோக்கும். இரண்டாவதில் காலும் முகமும் வீங்கும்.

இந்த ஒழுக்கை நோயோடு தெளிவாக இணைத்துக் காட்டியவர் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், ஆல்புமின் இருந்தால் வெண்மையாகத் திரளும். வீக்கம், திரளும் சிறுநீர், பிரேதப் பரிசோதனையில் சிதைந்த சிறுநீரகம் ஆகிய மூன்றையும் 1827-இல் அவர் ஒரே நோயின் அடையாளங்களாக எழுதினார்.

நீர் ஏன் வெளியேறுகிறது என்பதை 1896-இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விளக்கினார். நாயின் பின்னங்கால் திசுவில் அவர் செலுத்திய உப்புநீர் இரத்தத்துக்குள் உறிஞ்சப்பட்டது. புரதம் நிறைந்த சீரம் உறிஞ்சப்படவில்லை. புரதம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே நீரும் நிற்கும் என்பது அதிலிருந்து தெரிந்தது.

கொப்புளத்திலிருந்து போர்க்களம் வரை

1921-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் ரியால்டோ திரையரங்கு எரிந்தது. காயம்பட்டவர்களை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் அண்டர்ஹில், கொப்புள நீரில் இருப்பது ஏறக்குறைய பிளாஸ்மாவே என்று கண்டார். எரிந்த தோலிலிருந்து நச்சு பரவி ஆளைக் கொல்கிறது என்று அதுவரை பலர் நம்பியிருந்தார்கள். அண்டர்ஹில்லோ, நோயாளி இழப்பது இரத்தத்தின் நீர்ப்பகுதியை என்றார். அதே 1920களின் தொடக்கத்தில்தான் சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்றிக்கொண்டிருந்தபோது, ஹார்வர்டில் எட்வின் கோன் பிளாஸ்மாவைக் குளிர்ந்த ஆல்கஹாலால் படிப்படியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய ஐந்தாம் பகுதியே ஆல்புமின். 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும், கடும் தீக்காயம் பட்ட மாலுமிகள் ஏழு பேருக்கு அறுவை மருத்துவர் ராவ்டின் அதைச் செலுத்தினார். பலன் நன்றாக இருந்ததாக அறிக்கை தந்தார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. ஆனாலும் போர் அவசரத்தில் உற்பத்தி பெருகியது.

உப்புநீரின் காலம்

1968-இல் டல்லஸ் பார்க்லண்ட் மருத்துவமனையின் சார்லஸ் பாக்ஸ்டர் வகுத்த சூத்திரம் திசையை மாற்றியது. முதல் 24 மணி நேரத்துக்கு ரிங்கர் லாக்டேட் என்னும் உப்புநீர் மட்டும். பிளாஸ்மா அதன் பிறகே. தீக்காயம் பட்ட முதல் மணி நேரங்களில் நுண்குழாய்ச் சுவர்கள் நெகிழ்ந்து கசியும். அப்போது ஏற்றும் ஆல்புமினும் வெளியே கசிந்து, திசுவுக்குள் நீரை இழுத்துக்கொள்ளும் என்பது அந்தக் காலக்கணக்குக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வாதம்.

1998-இல் பேரிடி விழுந்தது. 30 ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் குழு, ஆல்புமின் பெற்ற ஒவ்வொரு 100 பேரிலும் 6 பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியது. மருந்துக்கே கொலைப்பழி! ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 6,997 பேரை வைத்து நடந்து 2004-இல் வெளியான சேஃப் ஆய்வு அந்தப் பழியைப் போக்கியது: ஆல்புமின் குழுவில் 726 பேர், உப்புநீர்க் குழுவில் 729 பேர் இறந்திருந்தார்கள். ஆனால் அந்த ஆய்வில் தீக்காய நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை.

இதற்கிடையில் வேறொரு சிக்கல் தலைதூக்கியது. வார்டுகளில் சூத்திரம் சொன்னதைவிட அதிக நீர் ஏற்றப்பட்டு, வயிறு இறுகி, நுரையீரல் நனைந்து நோயாளிகள் திணறினார்கள். ஆல்புமின் மெல்லத் திரும்பி வந்தது. செலுத்தும் மொத்த நீரைக் குறைக்கவும் சிறுநீர் வெளியேற்றத்தைக் கூட்டவும் முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அதைப் பரிசீலிக்கலாம் என்கிறது அமெரிக்கத் தீக்காயச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல்.

சாத்தூர்க் கணக்கு

50 கிலோ எடையுள்ள ஒரு பெண் தொழிலாளிக்கு மார்பு, வயிறு, இரு கைகள் எரிந்திருந்தால் உடல் பரப்பில் 36 சதவீதம். பார்க்லண்ட் கணக்குப்படி, ஒரு கிலோவுக்கு, ஒரு சதவீதத்துக்கு 4 மில்லி வீதம், 4 × 50 × 36 = 7,200 மில்லி. அதில் பாதியான 3,600 மில்லி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நொடியிலிருந்து ஓடுகிறது, மருத்துவமனைச் சீட்டு எழுதிய நேரத்திலிருந்து இல்லை. மதுரை ராஜாஜி மருத்துவமனை சாத்தூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். டிரிப் இல்லாமலே இரண்டு மணி நேரம் கழிந்தால், மணிக்கு 450 மில்லி போக வேண்டிய இடத்தில் 600 மில்லி போக வேண்டும்.

சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள 20 சதவீத ஆல்புமின் பாட்டில் ஒன்றில், 100 மில்லியில், இருப்பது 20 கிராம். கல்லீரலின் ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு நாள் உழைப்பு. அதை எப்போது போடுவது என்ற விவாதம், மலிவான ரிங்கர் லாக்டேட் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே நேரத்தோடு ஏறிய பிறகுதான் எழுகிறது.

வார்டில் நாளுக்கு இத்தனை முட்டை என்று உறவினர்கள் ஊட்டுவது வீண் இல்லை; புண் ஆறப் புரதம் வேண்டும். ஆனால் தின்ற வெள்ளைக்கரு அப்படியே இரத்த ஆல்புமின் ஆகிவிடாது. குடலில் அமினோ அமிலங்களாக உடைந்தே சேர்கிறது. அழற்சி ஓங்கியிருக்கும்வரை கல்லீரலும் ஆல்புமின் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டு, சி.ஆர்.பி. போன்ற வேறு புரதங்களில் கவனம் செலுத்தும். அதனால் மூன்றாம் வாரத்திலும் லேப் ரிப்போர்ட் ஆல்புமினை 2.4 என்று காட்டினால், சாப்பாடு போதவில்லை என்று வீட்டாரைக் கடிந்துகொள்ளும் முன், புண்ணில் கிருமி இருக்கிறதா, எடை எப்படி, சி.ஆர்.பி. இறங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.