பெர்சிவல் தோற்றது எங்கே?



மலாயாவை ஜப்பானியரிடம் பறிகொடுத்த பிரிட்டிஷ் தளபதி உண்மையிலேயே திறமையற்றவர்தானா? இந்தக் கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்ட கேள்வி இது. செலாயாங் வட்டாரத்தில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதை அல்ல. வடக்கிலிருந்து தஞ்சோங் மாலிம், ரவாங், செலாயாங், பத்துமலை என்று இறங்கி வரும் பழைய நெடுஞ்சாலைதான் அன்று தலைநகரின் வடக்கு வாசல். 1942 ஜனவரி 11ஆம் தேதி ஜப்பானியர் கோலாலம்பூருக்குள் புகுந்தபோது அந்த வாசலைக் காக்க ஒரு படையும் இல்லை. காத்திருக்க வேண்டியவர் லெப்டினன்ட் ஜெனரல் ஆர்தர் பெர்சிவல்.

நிறைகள் என்ன?

முதலில் அவருக்கு நியாயம் செய்வோம். பெர்சிவல் கோழை அல்லர். 1914இல் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, முதல் உலகப் போரில் காயம் பட்டு, வீரப் பதக்கங்கள் பெற்று மேலே வந்தவர். அறிவும் குறைவில்லை. 1936 முதல் 1938 வரை அவர் மலாயாவில் பணியாற்றினார். ஜப்பானியர் கடல் வழியாகச் சிங்கப்பூரைத் தாக்க மாட்டார்கள், தென் தாய்லாந்திலும் கிளந்தானிலும் தரையிறங்கி, தீபகற்பம் வழியாகப் பின்வாசலில் வருவார்கள் என்று 1937இலேயே கணித்து எழுதினார். நான்கு ஆண்டுகள் கழித்து அப்படியே நடந்தது.

அவர் கையில் லண்டன் கொடுத்தது என்ன? ஒரு டாங்கிகூட இல்லை. 336 விமானங்கள் தேவை என்று இராணுவத் தலைமையே ஒப்புக்கொண்டிருந்தும், போர் தொடங்கிய நாளில் இருந்தவை சுமார் 158. அவற்றிலும் பல பழையவை. தாய்லாந்துக்குள் முன்கூட்டியே நுழையும் திட்டத்தை நிறைவேற்றத் தயங்கியவர் அவருக்கு மேலிருந்த புரூக் பாப்ஹாம். டிசம்பர் 10ஆம் தேதி இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் மூழ்கியதற்கும் பெர்சிவல் பொறுப்பல்லர். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு, தோல்வி முழுவதையும் ஒரு தலையில் கட்டுவது வரலாறு ஆகாது.

குறைகள் எங்கே?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எதிரி எந்த வழியாக வருவான் என்று எழுதியவர், அந்த வழியை அடைக்கவில்லை. இதுவே முதல் குறை. 1941 டிசம்பர் இறுதியில் தலைமைப் பொறியாளர் பிரிகேடியர் ஐவன் சிம்சன் அவரிடம் சென்று, தற்காப்பு அரண்களை உடனே கட்ட வேண்டும் என்று மன்றாடினார். அரண் கட்டினால் படைக்கும் மக்களுக்கும் மனம் தளர்ந்துவிடும் என்பது பெர்சிவலின் பதில். எதிரி பேராக்கில் நிற்கும்போது சொன்ன பதில் இது!

இரண்டாவது, தனக்குக் கீழிருந்த தளபதிகளை அவரால் கட்டி ஆள முடியவில்லை. இந்தியப் படைப்பிரிவுகளின் தலைவர் ஹீத், விரைவாக ஜொகூருக்குப் பின்வாங்கி அங்கே உறுதியாக நிற்க வேண்டும் என்றார். எதிரி விமானங்களைச் சிங்கப்பூரிலிருந்து தள்ளி வைத்தால்தான் துணைப்படைக் கப்பல்கள் வந்து சேரும், ஆகவே வழியெங்கும் தாமதப்படுத்த வேண்டும் என்றார் பெர்சிவல். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் தன் முடிவை ஹீத் மனமார ஏற்கும்படி அவர் செய்யவில்லை. ஏற்காதவரை மாற்றவும் இல்லை. ஆஸ்திரேலியத் தளபதி பென்னட்டிடமும் இதே கதைதான்.

விளைவு என்ன? கம்பாரில் உயரமான இடத்தில், முன்னேற்பாட்டோடு நின்ற படை, எண்ணிக்கையில் கூடிய எதிரியை நான்கு நாள் தடுத்தது. முறையாக நின்றால் தடுக்க முடியும் என்பதற்கு அது சான்று. ஆனால் வாரக்கணக்காக ஓய்வின்றிப் பின்வாங்கிய அதே 11ஆவது இந்திய டிவிஷனை மாற்றாமல் மறுபடியும் நிறுத்தினார்கள். ஜனவரி 7ஆம் தேதி சிலிம் ரிவரில் சுமார் 30 டாங்கிகள் விடிவதற்கு முன் சாலையில் புகுந்தன. சில மணி நேரத்தில் இரண்டு பிரிகேடுகள் சிதறின. கோலாலம்பூரின் விதி அன்றே முடிந்தது. நான்கு நாளில் ஜப்பானியர் தலைநகரில் நின்றார்கள்.

சிங்கப்பூரிலும் கணிப்புப் பிழைத்தது. தாக்குதல் வடமேற்கில் வரும் என்று மேல்தளபதி வேவல் கருதினார். பெர்சிவல் வடகிழக்கைப் பலப்படுத்தினார். பிப்ரவரி 8ஆம் தேதி இரவு எதிரி இறங்கியது வடமேற்கில். 15ஆம் தேதி புக்கிட் தீமா ஃபோர்ட் தொழிற்சாலையில் சரணாகதி. எழுபதே நாளில் எல்லாம் முடிந்தது. தன் படை எண்ணிக்கையில் குறைவு, தான் மிரட்டிப் பணிய வைத்தேன் என்று யாமாஷித்தா பின்னாளில் சொன்னார்.

கணக்கில் வராத மக்கள்

மூன்றாவது குறை, நாம் பேசாவிட்டால் வேறு யாரும் பேச மாட்டார்கள். பெர்சிவல் பதவியேற்ற அதே 1941 மே மாதத்தில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் பாட்டாளிகள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். வெள்ளைக்காரர் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும் என்றார்கள். பதிலுக்கு இந்தியச் சிப்பாய்களையே அனுப்பினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த ஆணை பெர்சிவல் போட்டதல்ல. ஆனால் இந்த மண்ணின் உழைக்கும் மக்களை நம்பாத ஆட்சிக்கு அவர் தளபதி. அரண் கட்டக் கூலியாள் தேவைப்பட்டபோது, லண்டன் அனுமதித்த கூலி சந்தைக் கூலியைவிடக் குறைவு. ஆள் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் சீனத் தொண்டர் படையும் போர் தொடங்கிய பிறகே அமைந்தது.

படை பின்வாங்கியபோது வெள்ளைக்காரத் துரைமார்கள் புறப்பட்டுவிட்டார்கள். தோட்டத்து லயங்களில் இருந்த நம்மவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பால்வெட்டு நின்றது. கூலி நின்றது. அரிசி நின்றது. பிறகு சயாம் மரண ரயில் பாதை பல்லாயிரம் தமிழர்களை விழுங்கியது. பெர்சிவலின் கீழ் போரிட்டுக் கைதியான சுமார் 45,000 இந்திய வீரர்கள் பிப்ரவரி 17ஆம் தேதி ஃபாரர் பார்க் திடலில் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். அந்தத் திடலில்தான் இந்திய தேசிய இராணுவத்துக்கு வித்து விழுந்தது.

முடிவாக

பெர்சிவல் மஞ்சூரியாவில் கைதியாக இருந்து மீண்டார். 1945 செப்டம்பரில் டோக்கியோ விரிகுடாவில் ஜப்பான் சரணடைந்ததையும், பிலிப்பைன்ஸில் யாமாஷித்தா சரணடைந்ததையும் நேரில் கண்டார். 1966இல் காலமானார்.

அவர் நல்ல அலுவலக அதிகாரி, நல்ல மனிதரும்கூட. தண்ணீரின்றித் தவித்த நகரத்து மக்களை எண்ணிச் சரணடைந்தது இரக்கமற்ற செயல் அல்ல. ஆனால் தளபதி என்பவர் வருவதை அறிந்தால் மட்டும் போதாது. அறிந்ததைச் செய்ய வைக்கவும் வேண்டும். பெர்சிவலுக்கு முதலாவது இருந்தது, இரண்டாவது இல்லை. அந்த இடைவெளிக்கு விலை கொடுத்தவர்களில் நம் பாட்டன் பாட்டிமாரும் உண்டு. போர் நூல்களில் படைகளின் பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் பெயர்கள் இல்லை. நம் குடும்பங்களில் நினைவிருக்கும் பெயர்களையாவது பிள்ளைகளுக்குச் சொல்லி எழுதி வைப்போம்.