தண்ணீர்மலைப் பூங்காவின் கதை

பினாங்குத் தமிழர்களுக்குத் தண்ணீர்மலை என்றதும் முருகப் பெருமானும் தைப்பூசமுமே நினைவுக்கு வருவது இயல்பு. கோயிலைக் கடந்து அதே சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் தாவரவியல் பூங்கா வந்துவிடும். பாயான் பாரு போன்ற வட்டாரங்களிலிருந்து விடுமுறை நாள்களில் பிள்ளைகளை அங்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், அதன் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று.

பினாங்கின் முதல் தோட்டங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல, வாணிகத்திற்காக அமைந்தவை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி, மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்பு நாற்றுகளைத் தருவித்து இங்கே நடச் செய்தது. அத்தோட்டம் 1805-இல் விற்கப்பட்டது. 1822-இல் தொடங்கிய இரண்டாவது தோட்டத்தைப் பினாங்கு ஃப்ரீ பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜார்ஜ் போர்ட்டர் கவனித்து வந்தார். அதுவும் 1834-இல் கைவிடப்பட்டது.

இன்றைய பூங்கா 1884-இல் உருவானது. நீர்வீழ்ச்சிப் பள்ளத்தாக்கில் கைவிடப்பட்டுக் கிடந்த கல்லுடைப்புக் குழியைச் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்னும் ஆங்கிலேயர் சோலையாக மாற்றினார். போர்னியோ, சுமத்ரா, மடகாஸ்கர் ஆகிய இடங்களில் செடிகளைத் தேடி அலைந்த அனுபவம் அவருக்கு உண்டு. பினாங்குத் தீவில் தானாக வளரும் பூக்கும் தாவரங்களையும் பெரணிகளையும் தொகுத்து 1894-இல் ஒரு பட்டியலும் வெளியிட்டார். 1903-இல் ஓய்வு பெற்றார்.

அவர் சென்ற சில ஆண்டுகளிலேயே பூங்காவுக்கு ஆபத்து நேர்ந்தது. வளர்ந்துவந்த நகருக்குக் குடிநீர் தேவைப்பட்டது. 1910-இல் பூங்கா நகராண்மைக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பள்ளத்தாக்கையே நீர்த்தேக்கமாக்குவது திட்டம். அது முழுமையாக நிறைவேறியிருந்தால் கர்ட்டிஸின் உழைப்பு நீருக்குள் மூழ்கியிருக்கும். நல்வாய்ப்பாக நீர்த்தேக்கம் சிறிய அளவோடு நின்றது. பூங்காவும் ஓரிரு ஆண்டுகளில் அரசிடம் திரும்பியது.

இந்நீருக்கும் நம்மவர்க்கும் தொடர்பு உண்டு. தண்டாயுதபாணியின் தொடக்க வழிபாட்டிடம் அருவியின் அருகே இருந்ததாகவும், நீர்த்தேக்கப் பணியின் பொருட்டே இடம் மாறியதாகவும் கூறுவர். இடம் மாறினும் பெயர் மாறவில்லை. நகரத்தார் தம் பிள்ளைகளுக்குத் தண்ணீர்மலை எனப் பெயரிட்டு, அதனைச் செட்டிநாடு வரை கொண்டு சென்றனர்.

இன்று பூங்காவில் நாகலிங்க மரத்தைக் காணலாம். சிவன் கோயில்களில் நாம் போற்றும் அம்மரம் தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது என்பது பலருக்கு வியப்பளிக்கும். நீண்டவால் குரங்குகளும் ஏராளம். அவற்றுக்கு உணவளித்தல் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மலாயில் இச்சாலை ஜாலான் கெபுன் பூங்கா எனப்படுகிறது. பூந்தோட்டச் சாலை என்பது அதன் பொருள். தண்ணீர்மலை என்னும் பெயரோ நம் நாவில்தான் வாழ்கிறது. பெற்றோர் சொல்லாவிடில் பிள்ளைகள் அதை அறிய வழியில்லை. அடுத்த முறை செல்லும்போது அருவியைக் காட்டி, அப்பெயரையும் அதன் காரணத்தையும் சொல்லிக் கொடுங்கள்.