நாய்க்குட்டியும் நாகரிகமும்

1797ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள். இலண்டன் மாநகரிலே ஓர் இல்லம். பேறுகாலக் காய்ச்சலிலே துடித்துக்கொண்டிருக்கிறார் ஒரு தாய். பிறந்து சில நாள்களே ஆன பெண் மகவுக்குப் பாலூட்டக் கூடாது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். மார்பிலோ பால் கட்டிக் கொண்டு நிற்கிறது. என்ன செய்தார்கள்? நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்தார்கள்! பாலை உறிஞ்சி எடுப்பதற்காக அந்தத் தாயின் மார்பிலே நாய்க்குட்டிகளை விட்டார்கள்!

கதையல்ல தோழர்களே, கணவர் வில்லியம் காட்வினே எழுதி வைத்த செய்தி. அந்தத் தாய்தான் மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். 1792இல் பெண்ணின் உரிமைக்கு வாதாடி நூல் எழுதி, ஆணாதிக்க உலகை அதிரவைத்தவர். தாய்மார் தம் குழந்தைக்குத் தாமே பாலூட்ட வேண்டுமென்று எழுதியவரும் அவரே. அவருக்குத்தான் அந்த நிலை! செப்டம்பர் 10ஆம் நாள் அவர் மறைந்தார். தாயின்றி வளர்ந்த அந்த மகவு பின்னாளில் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ என்னும் புதினத்தை எழுதிப் புகழ் பெற்றது.

பாலைப் பற்றிப் பாடாத நாடுண்டா? பாற்கடல் என்பார்கள், பள்ளிகொண்டான் என்பார்கள். சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு அம்மையே பொற்கிண்ணத்தில் ஞானப்பால் தந்தாள் என்று உருகுவார்கள். கற்சிலைக்குக் குடம் குடமாகக் கொட்டுவார்கள். ஆனால், கழனிக்கும் ஆலைக்கும் போன தாயின் மார்பிலே கட்டிய பால் என்னவாயிற்று, வீட்டிலே அழுத பிள்ளை எதைக் குடித்தது என்று கேட்ட புராணிகர் ஒருவரையும் நாம் கண்டதில்லை.

அறியாமை எங்கும் ஆட்சி செய்தது. ரோமிலே மருத்துவம் செய்த சொரேனஸ், இரண்டாம் நூற்றாண்டிலே, தாயின் முதற்பாலை ஆகாது என்று ஒதுக்கினார். நம் வீடுகளிலோ சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டு, சேனை வைப்பதென்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் நாவிலே தடவினார்கள்; கழுதைப்பால் ஊற்றினார்கள். நோயைத் தடுக்கும் ஆற்றல் நிறைந்தது சீம்பால், பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டுக என்று இன்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. எறிந்த பால் எத்தனை கோடிப் பிள்ளைகளுக்கு அரணாகியிருக்கும்!

செல்வர் வீட்டிலே வேறு வழி இருந்தது. கூலிக்கோ அடிமையாகவோ இன்னொரு தாய் கிடைத்தாள். நம் அகத்திணை இலக்கியத்திலே செவிலித்தாய்க்குச் சிறப்பான இடமுண்டு. செவிலியின் மகளே தலைவிக்குத் தோழி என்கிறது தொல்காப்பியம். ஒரு முலைப்பாலை இரு பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட உறவு என்று நாம் மகிழலாம். ஆனால் எவள் பிள்ளை முதலில் குடித்தது? செவிலியின் மகள் தோழியானாள், தலைவியாகவில்லையே!

இந்த நிலையிலேதான் கருவி வருகிறது. முதலில் வளைந்த கண்ணாடிக் குழாய். தன் பாலைத் தானே வாயால் உறிஞ்சித் துப்ப வேண்டும். 1854இல் அமெரிக்காவிலே ஆர்வெல் நீதம் என்பவர் பால் எடுக்கும் பம்புக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். 1920களில் சிகாகோவிலே ஒரு விந்தை நடந்தது. எட்வர்ட் லாஸ்கர், சதுரங்க ஆட்டத்தில் பேர்போன பொறியாளர். காய் நகர்த்திய கை, பால் எடுக்கும் மின்பொறியை வடித்தது! சப்புவதற்கும் வலுவற்றுக் குறைமாதத்திலே பிறந்த மகவுகளுக்கு, எடுத்த பாலைப் புகட்ட அது பயன்பட்டது. அதன்பின் சுவீடன் நாட்டு எய்னார் எக்னெல், மாட்டுப் பண்ணையின் கறவைப் பொறியை ஆராய்ந்து, ஒரேயடியாக இழுத்தால் புண்ணாகும், விட்டுவிட்டு இழுத்தால்தான் தாய்க்குத் தீங்கில்லை என்று கண்டு, 1956இல் ஆய்வுரை வெளியிட்டார். மாட்டுக்கு மின்பொறி செய்யப்பட்ட பிறகே மாதருக்கு அதைச் செம்மையாக்க நினைத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்வோம்! மருத்துவமனையிலே மேசை அளவு நின்ற பொறி, 1990களிலேதான் தோள்பைக்குள் அடங்கியது.

பொறி வந்துவிட்டது, போதுமா? போதாது. பொழுதும் வேண்டும். மார்பு ஒரு குடமன்று, கவிழ்த்தால் தீர்ந்து நிமிர்த்தால் நிற்பதற்கு. ஆற்று மணலிலே தோண்டிய ஊற்று அது. இறைக்க இறைக்கச் சுரக்கும். இறைப்பாரின்றி விட்டால் தூர்ந்துபோகும். பிள்ளை சப்பும்போது மூளையின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து இரண்டு நீர்கள் புறப்படுகின்றன: பாலை உண்டாக்குவது புரோலாக்டின், பாலைப் பாய்ச்சுவது ஆக்சிடோசின். பால் தேங்கினால் சுரப்பு குறையும்; கட்டினால் காய்ச்சலும் வரும். ஆகவே, பிள்ளையைப் பிரிந்திருக்கும் புதுத்தாய், பிள்ளை குடிக்கும் நேரத்தை ஒட்டியே பால் எடுத்தாக வேண்டும். தொடக்க வாரங்களில் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவும் சேர்த்து நாளுக்கு எட்டு முறை. பணிக்குத் திரும்பிய பின் ஏறத்தாழ மூன்று மணிக்கு ஒருமுறை, கால் மணி நேரம். அச்சமும் அவமானமும் ஆக்சிடோசினைத் தடுக்கும். கதவு எப்போது திறக்குமோ என்று நடுங்கும் தாய்க்குப் பால் இறங்குவதில்லை. எடுத்த பால் 25 பாகை வெப்பத்திற்குள் நான்கு மணி நேரம் நிற்கும். குளிர்பெட்டியில் நான்கு நாள் கெடாது. நம் சித்திரை வெயிலுக்கு முதற்கணக்கு செல்லாது!

அந்தக் கால் மணியை யார் தருவது? 1919இல் உலகத் தொழிலாளர் அமைப்பு, வேலை நேரத்திலேயே நாளுக்கு இருமுறை அரைமணி பாலூட்ட விடுக என்று உடன்படிக்கை இயற்றிற்று. 1928இல் பம்பாய்ச் சட்டமன்றத்திலே மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து முழங்கினார் அண்ணல் அம்பேத்கர். சென்னை மாகாணத்திலே 1934ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியா முழுமைக்கும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் என்று படிப்படியாக வந்தன. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு இடைவேளை என்றது 1961. இருபத்தாறு வார விடுப்பு, ஐம்பது பேர் பணியாற்றும் இடத்திலே குழந்தைக் காப்பகம் என்றது 2017. நம் மாநிலத்திலே 2015இல் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை கண்டார்கள். 2021இல் அரசுப் பணி மகளிர்க்கு ஓராண்டு விடுப்பு வந்தது.

நன்று, வரவேற்போம். ஆயினும் ஒரு குறை. நம் சட்டத்தின் இடைவேளை பிள்ளைக்குப் பாலூட்டுவதற்கு. பிள்ளையோ பத்துக் கல் தொலைவில், பாட்டியின் மடியில்! பால் எடுக்க என்று சட்டத்தில் சொல்லில்லை. அமெரிக்காவிலே 2010இல் இயற்றிய சட்டம் அதை வெளிப்படையாகச் சொல்லிற்று. இடம் கழிவறையாக இருத்தலாகாது என்றும் சொல்லிற்று.

தொடக்கப் பள்ளிகளிலே பெண்களையே ஆசிரியர்களாக அமர்த்துக என்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. பெண்கள் வந்துவிட்டார்கள். நாம் பாடம் நடத்தும் பள்ளியிலும் அவர்களே மிகுதி. உடன் பணியாற்றும் ஆசிரியை ஒருவர், மூன்று பாடவேளை முடிந்ததும், பூகோளப் படங்கள் சுருட்டிக் கிடக்கும் அறைக்குப் போவார். தாழ்ப்பாள் கிடையாது, கதவுக்குப் பின்னே நாற்காலியைச் சாய்த்து அதன்மீதே அமர்ந்து பால் எடுப்பார். நனைந்த சேலையோடு நான்காம் வகுப்புக்கு வந்த நாளும் உண்டு. தாழ்ப்பாள் கேட்டோம். ‘நம் தாய்மாரெல்லாம் இப்படியா பிள்ளை வளர்த்தார்கள்?’ என்றார் மேலாளர்.

சென்ற திங்கள் அந்தக் கதவிலே தாழ்ப்பாள் ஏறிற்று. ஆணையால் அன்று, ஆசிரியைகள் எட்டுப் பேர் பணம் போட்டு வாங்கினார்கள், நம் கையாலேயே திருகாணி முடுக்கினோம். குளிர்பெட்டிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அதுவரை காலையில் வீட்டிலிருந்து அவர் பனிக்கட்டிப் பை கொண்டுவருகிறார். மூன்று மணிக்குள் அது உருகிவிடுகிறது.