மஸ்தான்களும் ஆலிம்களும்

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டை, மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்த ஊராகச் சொல்லப்படுவது. அவர் தம் மூத்த மகனுக்கு ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரைச் சூட்டினார். மஸ்தான்கள் இறைப்பித்தில் தம்மை மறந்தவர்கள். தொழுகையும் நோன்பும் சித்தம் தெளிந்தவர் மீதே கடமை என்பது சுன்னி ஃபிக்ஹின் (மார்க்கச் சட்டத்தின்) விதி. ஆகவே தன்னிலை இழந்த மஜ்தூபின் பேச்சில் மார்க்க அறிஞர்களான ஆலிம்கள் குற்றம் பிடிப்பதில்லை; பிறர் அவரைப் பின்பற்றுவதையும் ஒப்புவதில்லை. தெளிந்த சித்தத்தோடு ஒருவர் அதையே கொள்கையாக எடுத்துரைத்தபோதுதான் வழக்கு மூண்டது.

'நானே மெய்ப்பொருள்' என்றதாகச் சொல்லப்படும் சூஃபி ஹல்லாஜ் 922-ல் பக்தாதில் கொல்லப்பட்டார். அந்தத் தீர்ப்பில் மார்க்கத்தோடு அரண்மனை அரசியலும் கலந்திருந்தது. 1111-ல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, மயக்கத்தில் வந்த சொற்களை மூடிவைக்க வேண்டும், பரப்பக் கூடாது என்றார். உள்ளதெல்லாம் ஒரே உண்மையின் வெளிப்பாடு என்னும் வஹ்தத்துல் வுஜூதுக்கு மூலவராகக் கருதப்படும் இப்னு அரபியை (1165–1240) ஆலிம் இப்னு தைமிய்யா கடுமையாகச் சாடினார். எகிப்தின் ஆலிம் ஸுயூத்தியோ அவரை வலி (இறைநேசர்) என ஏற்றார், அவர் நூல்களைப் படிப்பதை மட்டும் தடுத்தார். முரணாகத் தோன்றும் இந்தத் தீர்ப்பே பிற்காலத்து ஆலிம்கள் பலரின் மனநிலையைச் சரியாகக் காட்டுகிறது.

ஆலிமும் சூஃபியும் ஒருவரே ஆகலாம் என்பதற்குத் தென்னாட்டில் தக்க சான்று, ஆற்காட்டு நவாபின் ஆதரவில் சென்னையில் வாழ்ந்த அப்துல் அலீ பஹ்ருல் உலூம். லக்னோ ஃபிரங்கி மஹல் குடும்பத்தவர். இந்திய மதரஸாக்களில் பரவிய தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீனின் மகன். ஹனஃபி சட்ட மூலங்களுக்குப் புகழ்பெற்ற உரை எழுதிய அதே கை, ரூமியின் மஸ்னவிக்கும் உரை எழுதியது. வஹ்தத்துல் வுஜூதை விளக்கித் தனி நூலும் செய்தது. ஆலிம் ஒரு பக்கம், சூஃபி எதிர்ப்பக்கம் என்று கோடு கிழிப்பவர்களுக்கு இவர் அகப்படமாட்டார். 1810-ல் மறைந்த அவர் திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் அடங்கியிருக்கிறார்.

அதே நகரின் வடகோடியில் 1838-ல் மறைந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, இறைவனை மனோன்மணி என்று காதலியாக்கித் தமிழில் பாடினார். உரைநடையில் எழுதியிருந்தால் ஃபத்வா தேடி வந்திருக்கும். பாட்டாக இருந்ததால் தப்பியது என்று தோன்றுகிறது.

மறைத்துப் பேசும் அந்த வழக்கம் இலங்கைக் காத்தான்குடியில் உடைந்தது. ஒரு மவ்லவி வஹ்தத்துல் வுஜூதைப் பொதுமக்கள் முன் விளக்கியதை அடுத்து, 1979-ல் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, அவரும் அக்கருத்தை ஏற்பவர்களும் மதம் மாறியவர்கள் என ஃபத்வா வெளியிட்டது. அவ்வூரில் வேறொரு ஞானக் குழுவினருக்கு எதிராக 2004-லும் 2006-லும் வன்முறை வெடித்தது.