ராஜி

வழக்கில் இரு தரப்பும் ஒத்துப்போவது 'ராஜி'. மனம் இசைந்தவர் என்ற பொருளுள்ள அரபுச் சொல் பாரசீகம், உருது வழியாக நம் கோர்ட்டுகளுக்கு வந்தது. ஆவணத்தைக் குறிக்கும் பாரசீக 'நாமா' சேர்ந்தால் ராஜினாமா. முதலில் அது சமரசப் பத்திரம்தான். வேலையை விடும் கடிதமானது பிற்பாடு, அதுவும் மனம் இசையாதவர்கள் எழுதுவது!

அரசே வாதியானாலும் ராஜி உண்டு. அமெரிக்காவில் ஆல்பா நேச்சுரல் ரிசோர்சஸ் என்ற நிலக்கரி நிறுவனம் சுரங்கக் கழிவுநீரை வரம்பு மீறி ஓடைகளில் விட்டதாக எழுந்த வழக்கு 2014இல் இப்படித்தான் முடிந்தது. அபராதம் 2.75 கோடி டாலர். மாசைக் குறைக்கும் வேலைகளுக்கு ஏறத்தாழ 20 கோடி. அங்கே இத்தகைய ராஜியை நீதிபதி ஏற்குமுன் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் கருத்துக்கு வைக்கிறார்கள். ஓடைக்கரைக்காரர்கள் ராஜியா என்று கேட்கும் இடம் அது.