பத்து சென்ட் நாணயங்கள் வாங்கிய வீடு

அமெரிக்காவின் சிகாகோ நகரில், மிச்சிகன் அவென்யூவின் 3831ஆம் எண் வீடு 1890களில் ஒரு தானிய வணிகருக்காகக் கட்டப்பட்ட மாளிகை. அந்தத் தென்பகுதியைவிட்டுச் செல்வர்கள் ஒவ்வொருவராக நீங்கினர். தென்மாநிலங்களின் பருத்திக் காடுகளிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் அங்கே குடியேறினர். நகரின் பிற பகுதிகளில் அவர்களுக்கு வீடு விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் தடுக்கும் ஒப்பந்தங்கள் இருந்தமையால், அவர்கள் ஒரே வட்டாரத்தில் நெருக்கியடித்து வாழ நேர்ந்தது. பிரோன்ஸ்வில் என்று பெயர்பெற்ற அவ்வட்டாரத்தில் செய்தித்தாள் இருந்தது, இசையரங்குகள் இருந்தன, ஓவியர்களும் இருந்தனர். ஆனால் அவர்களின் ஓவியங்களை மாட்டச் சுவர்தான் இல்லை. நகரின் காட்சிக்கூடங்களில் மிகச் சிலவே அவர்களுக்குக் கதவு திறந்தன.

பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் ரூஸ்வெல்ட் அரசு கலைஞர்களுக்கு வேலையளிக்கும் திட்டமொன்றைத் தொடங்கி, நாடெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட சமுதாயக் கலை மையங்களை அமைத்தது. ஆசிரியர்களின் சம்பளம் அரசின் பொறுப்பு. இடத்தை ஊரார் தேடித் தரவேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைதான் பின்னாளில் இம்மையத்தைக் காத்தது. 1938இல் தொடங்கிய கூட்டங்களில் ஓவியர்களும் ஆசிரியர்களும் காப்பீட்டு நிறுவனத்தாரும் ஒன்றாக அமர்ந்தனர். ஆண்டுதோறும் நடனவிழா நடத்திப் பணம் திரட்டினர். ‘நாணயங்களின் மைல்’ என்றொரு இயக்கமும் நடந்தது. பத்து சென்ட் நாணயத்தின் அகலம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். அதை ஒன்றையடுத்து ஒன்றாக ஒரு மைலுக்கு அடுக்கினால் 90,000 நாணயங்கள், அதாவது 9,000 டாலர் வரும். மார்கரெட் பரோஸ் என்னும் இளம் ஓவியர் தெருமுனையில் டப்பாவை ஏந்தி நின்று வழிப்போக்கரிடம் அந்நாணயங்களைக் கேட்டுப் பெற்றார்.

வீடு வாங்கப்பட்டது. ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி மரபில் வந்த வடிவமைப்பாளர்கள் அதன் கூடத்திற்கு மரப்பலகைச் சுவர்கள் அமைத்தனர். 1940 டிசம்பரில் முதற்காட்சி நடந்தது. 1941 மே 7 அன்று குடியரசுத் தலைவரின் துணைவியார் எலினார் ரூஸ்வெல்ட் முறைப்படி திறந்துவைத்தார். அந்நாளில் ஒரு கசப்பும் கலந்திருந்தது. விழா மேடையைச் சமூகப் பிரமுகர்கள் நிரப்பினர். வண்ணம் குழைத்தவர்கள் பின்வரிசைக்குத் தள்ளப்பட்டனர். பரோஸ் பல்லாண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் கட்டுரையிலும் அந்த வருத்தம் ஆறாமல் இருக்கிறது. இலக்கிய மன்றம் நடத்துவோருக்கு இது புதிய செய்தியன்று.

அவ்வீட்டின் நிலவறையில் ஓர் இருட்டறை இருந்தது. வேற்றூரிலிருந்து வந்த கார்டன் பார்க்ஸ் என்னும் இளைஞர் அங்கே தம் ஒளிப்படங்களைக் கழுவினார். வயிற்றுப்பாட்டுக்குச் சீமாட்டிகளின் உருவப்படங்கள். மற்ற வேளைகளில் தெருக்களும் சேரிகளும். அப்படங்கள் அவருக்கு ரோசன்வால்ட் உதவித்தொகையைப் பெற்றுத் தந்தன. 1942இல் வாஷிங்டன் சென்று, தேசியக் கொடியின் முன் துடைப்பத்துடன் நிற்கும் பணிப்பெண்ணை அவர் எடுத்த படம் உலகறிந்தது.

கவிஞர்கள் நினைக்கவேண்டிய அறையும் அங்கே உண்டு. 1941இல் ஐனஸ் கன்னிங்ஹாம் ஸ்டார்க் என்னும் செல்வந்த வெள்ளைப் பெண்மணி, நகரின் வடபகுதியிலிருந்து வந்து கவிதை வகுப்பு நடத்தினார். ‘பொயட்ரி’ இதழுடன் தொடர்புடையவர் அவர். தென்பகுதிக்குப் போகாதே என்று அவரைச் சுற்றத்தார் எச்சரித்ததும் உண்டு. வகுப்பில் பாராட்டு குறைவு. ஒருவர் கவிதையை மற்றவர் வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பர். லாங்ஸ்டன் ஹியூஸ் ஒருமுறை அங்கு வந்து கவிதைகளைக் கேட்டார். அங்கே அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் குவெண்டோலின் புரூக்ஸ்; ஓர் அறைக் குடித்தனத்தின் நெருக்கடியை நன்கறிந்த இளந்தாய். 1945இல் பிரோன்ஸ்வில் தெருவையே தலைப்பில் வைத்து அவருடைய முதற்றொகுதி வெளிவந்தது. 1950இல் ‘ஆனி ஆலன்’ நூலுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவர் அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. வகுப்பு இல்லாவிடினும் அவர் கவிஞராகியிருப்பார். பதின்பருவத்திலேயே எழுதி அச்சேற்றியவர்தாமே. எனினும் தயவின்றித் திருத்தும் துணைவர்களை அவருக்கு அந்த அறைதான் கொடுத்தது.

போர் வந்தது, 1943இல் அரசின் திட்டம் முடிந்தது. ஹார்லெமில் புகழோடு நடந்த மையம் உட்பட நாடெங்கும் மையங்கள் மூடப்பட்டன. தென்பகுதி மையத்துக்கும் சம்பளப் பணம் நின்றது. ஆனால் வீடு அரசினுடையதன்று. திரும்பக் கேட்க யாருமில்லை. பின்வந்த ஆண்டுகளில் கூரை ஒழுகியது, கடன் நெருக்கியது, நிர்வாகத்தில் பிணக்குகளும் எழுந்தன. ஊதியமில்லாத் தொண்டர்களே பெரும்பாலும் கதவைத் திறந்துவைத்தனர். பரோஸ் 1961இல் அதே தெருவில் தம் சொந்த வீட்டில் தொடங்கிய அருங்காட்சியகம் பிற்காலத்தில் டுசாபல் அருங்காட்சியகமாக வளர்ந்தது. 1994இல் நகராட்சி கலை மையத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவிடமாக அறிவித்தது.

காட்சிக்குக் காட்சி ஓவியங்களை மாட்டியும் கழற்றியும், அந்தப் பலகைச் சுவர்கள் எங்கும் ஆணித்துளைகள் விழுந்தன. அவற்றை அடைக்காமல் அப்படியே விட்டுவைத்தனர்.